சரக்குப் பெட்டியின் செந்நிறம்

கடந்த காலத்தை நேசிப்போர் பல வகையினர். மன்னர்களின் மெய்க்கீர்த்திகளைத் தேடுவோர் உண்டு. செல்லரித்த ஓலைச்சுவடிகளைப் புரட்டுவோர் உண்டு. கல்லறைக் கற்களில் தேய்ந்துபோன பெயர்களை விரலால் தடவிப் படிப்போரும் உண்டு. இவர்களோடு சேர்த்து எண்ணத்தக்க இன்னொரு கூட்டத்தாரை நம் வாசகர்களுக்கு அறிமுகம் செய்ய விழைகிறோம். எண்பது, நூறு ஆண்டுகளுக்கு முன் அமெரிக்க ஐக்கிய நாட்டின் இருப்புப் பாதைகளில் ஓடிய சரக்குப் பெட்டிகளுக்கு என்ன நிறம் பூசப்பட்டிருந்தது என்பதை ஆராய்பவர்கள் அவர்கள்.

இவர்களுள் பெரும்பாலோர் வரலாற்றைத் தொழிலாகக் கொண்டவர்கள் அல்லர். மாதிரி ரயில் வண்டிகளைச் செய்வதை ஓய்வுநேரப் பணியாகக் கொண்ட சாதாரண மனிதர்கள். 1935-ஆம் ஆண்டில் மில்வாக்கி நகரில் கூடித் தங்களுக்கென ஒரு தேசியச் சங்கத்தையே அமைத்துக்கொண்டவர்கள். அவர்களிடையே மிகப் பரவலாக வழங்கும் அளவு, உண்மையான வண்டியின் 87-இல் ஒரு பங்கு. 40 அடி நீளமுள்ள மூடிய சரக்குப் பெட்டி இந்த அளவில் ஏறத்தாழ 14 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். உள்ளங்கையில் ஏந்திப் பார்க்கலாம். கதவு, ஏணிப்படி, கூரைமீது நடக்கும் பலகை, பக்கவாட்டு எழுத்துகள் என ஒவ்வொன்றையும் அளந்து செய்து முடித்தபின், தூரிகையைக் கையில் எடுக்கும்போது அவர்கள் முன் ஒரு கேள்வி எழுகிறது: இதன் சரியான நிறம் எது?

இது வேலையற்றோரின் வீண் கவலை என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் அக்கேள்வியைச் சற்றே அகழ்ந்து பார்த்தால் அதன் அடியில் வேறொரு கேள்வி கிடப்பதைக் காண்போம். நாம் கண்ணால் காணாத, இன்று இல்லாமற்போன ஒன்றைப் பற்றி எப்படி உண்மை பேசுவது? காணாமலே நம்புகிறவர்களும், இரண்டாயிரம் ஆண்டு மரபைக் கையில் ஏந்தி அடுத்த தலைமுறைக்கு ஒப்படைக்க வேண்டியவர்களுமான நமக்கு இக்கேள்வி அந்நியமானது அன்று.

மண்ணிலிருந்து வந்த நிறம்

முதலில் அந்த நிறத்தை அறிந்துகொள்வோம். 1920-களில் அமெரிக்க ரயில் நிறுவனங்களிடம் 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட சரக்குப் பெட்டிகள் இருந்தன. அவற்றுள் மூடிய பெட்டிகளில் மிகப் பலவற்றுக்குப் பூசப்பட்டது செம்பழுப்பு நிறம். ஆங்கிலத்தில் அதைச் 'சிவப்பு' என்றே வழங்கினர். உண்மையில் அது ரோஜாவின் சிவப்பும் அன்று, இரத்தத்தின் சிவப்பும் அன்று. நன்றாகச் சுட்ட செங்கல்லுக்கும் துருப்பிடித்த இரும்புக்கும் இடைப்பட்ட நிறம்.

ஏன் இந்த நிறம்? அழகு கருதி எவரும் தேர்ந்தெடுக்கவில்லை. அது மலிவானது, நீடித்து உழைப்பது. அதன் நிறமி இரும்பு ஆக்சைடு, அதாவது இரும்பும் உயிர்வாயுவும் கலந்த செம்மண். பூமியிலிருந்து தோண்டி, அரைத்து, ஆளிவிதை எண்ணெயில் குழைத்தால் பூச்சு ஆயத்தம். மற்ற பல நிறமிகள் வெயிலில் வெளிறும். இரும்பு ஆக்சைடோ எளிதில் வெளிறாது. நம் வீடுகளில் சன்னல் கம்பிகளுக்கு முதற்பூச்சாகப் பூசப்படும் ரெட் ஆக்சைடும், பழைய வீடுகளின் வழவழப்பான சிவப்புத் தரையும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவையே. நம் நாட்டின் சரக்கு வேகன்களும் நெடுங்காலம் இந்தச் செம்பழுப்பு நிறத்திலேயே ஓடின. ஆதிமனிதன் குகைச் சுவரில் விலங்குகளை வரைந்ததும் இதே செங்காவியைக் கொண்டுதான். எபிரேய மொழியில் 'ஆதாம்' என்னும் சொல், நிலத்தைக் குறிக்கும் 'அதாமா' என்னும் சொல்லோடும் சிவப்பைக் குறிக்கும் 'அதோம்' என்னும் சொல்லோடும் ஒலியுறவு கொண்டது என்பதை இங்கு நினைவுகூரலாம். மனிதனுக்கும் செம்மண்ணுக்கும் உள்ள உறவு அவ்வளவு பழமையானது.

பென்சில்வேனியா ரயில்வே இந்நிறத்துக்கு வேறு பெயர் தேட முயலவில்லை. 'சரக்குப் பெட்டி நிறம்' என்றே வழங்கியது. எல்லாருக்கும் தெரிந்த ஒன்றுக்கு விளக்கம் எதற்கு என்று எண்ணியிருப்பார்கள் போலும்! அந்த 'எல்லாரும்' மறைந்துபோன பின்னர்தான் சிக்கல் தொடங்கியது. தன் காலத்தில் வெளிப்படையாயிருந்ததை எவரும் எழுதிவைப்பதில்லை. வரலாற்றில் முதலில் அழிந்துபோவதும் அதுவே.

ஒரே நிறம் என்று ஒன்று இருந்ததா?

ஆய்வாளர்கள் உள்ளே நுழைய நுழைய அவர்களுக்கு ஓர் உண்மை புலப்பட்டது. ஒரு நிறுவனத்துக்கு ஒரே செம்பழுப்பு என்று ஒன்று இருந்ததே இல்லை. மண் வந்த சுரங்கம் மாறினால் நிறம் மாறியது. பூச்சு வாங்கிய வணிகர் மாறினால் நிறம் மாறியது. முப்பது, நாற்பது ஆண்டுக் கால அளவில் ஒரே நிறுவனத்தின் நிறம் கரும்பழுப்பிலிருந்து செங்கல் நிறத்தை நோக்கியோ, மறுதிசையிலோ மெல்ல நகர்ந்தது. சில மாற்றங்கள் திட்டமிட்டவை. பழங்களையும் காய்கறிகளையும் பனிக்கட்டியால் குளிரூட்டிக் கொண்டுசெல்வதற்கென 1906-இல் தொடங்கப்பட்ட பசிபிக் ஃப்ரூட் எக்ஸ்பிரஸ் நிறுவனம் தன் பெட்டிகளின் பக்கங்களுக்கு முதலில் மஞ்சள் நிறம் பூசியது. 1920-களின் இறுதியில் ஆரஞ்சு நிறத்துக்கு மாறியது. பழைய நிறப் பெட்டிகள் ஒரே நாளில் மறைந்துவிடவில்லை. மறுபூச்சுக்கான முறை வரும்வரை அவை புதியவற்றோடு கலந்து ஓடின.

பணிமனையை விட்டு வெளியேறிய நாள் முதல் ஒவ்வொரு பெட்டியும் தனக்கெனத் தனி வாழ்வு வாழத் தொடங்கியது. வெயில் எண்ணெயைச் சிதைத்தது. பற்றிக்கொள்ள எண்ணெய் இல்லாத நிறமி சுண்ணப் பொடிபோல் உதிர்ந்தது. மழை வெள்ளை எழுத்துகளைக் கரைத்துச் செம்பழுப்புப் பலகையின்மேல் கண்ணீர்க் கோடுகளாக வழியவிட்டது. நீராவி எஞ்சின்களின் கரி அனைத்தின்மேலும் படிந்தது. சில பெட்டிகள் பாலைவனத்தைக் கடந்தன. சில ஏரிக்கரைப் பனியில் நின்றன.

இன்னொரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பெட்டியின் வெற்றெடையையும் குறித்த காலத்துக்கு ஒருமுறை நிறுத்துப் பார்ப்பார்கள். எடை மாறியிருந்தால், பழைய எண் இருந்த இடத்தில் மட்டும் புதுப்பூச்சு பூசி, அதன்மேல் புதிய எடையை எழுதுவார்கள். எந்த நிலையத்தில், எந்த ஆண்டின் எந்த மாதத்தில் நிறுக்கப்பட்டது என்பதற்கான சுருக்கக் குறியீட்டையும் பக்கத்தில் பொறிப்பார்கள். ஆகவே ஒரே பெட்டியிலேயே மங்கிய பழைய நிறமும், கிழிந்த சட்டையில் ஒட்டுப்போட்டதுபோல் பளிச்சென்ற புது நிறமும் அருகருகே இருக்கும். 'சரியான நிறம் எது?' என்று கேட்பவரிடம் அந்தப் பெட்டியே, 'எந்த நாளில்?' என்று திருப்பிக் கேட்கும்.

சாட்சிகளை விசாரித்தல்

அப்படியானால் எதை நம்புவது? இங்கேதான் இம்மனிதர்களின் பொறுமை நம்மை வியக்க வைக்கிறது. நீதிமன்றத்தில் சாட்சிகளை விசாரிப்பதுபோல் ஒவ்வொரு சான்றையும் அவர்கள் தனித்தனியே விசாரிக்கிறார்கள்.

முதல் சாட்சி, ரயில் நிறுவனங்கள் தம் பணிமனைகளுக்கு அனுப்பிய மாதிரி நிற அட்டை. இதைவிட உறுதியான சான்று உண்டோ என்று தோன்றும். ஆனால் ஆளிவிதை எண்ணெய் இருளில் கிடந்தால் மஞ்சள் படியும். எண்பது ஆண்டு உறைக்குள் இருந்த அட்டை இன்று காட்டும் நிறம், அது பிறந்தபோது இருந்த நிறமன்று.

இரண்டாம் சாட்சி, பழைய கறுப்பு வெள்ளைப் புகைப்படம். அக்காலத்துப் பல படச்சுருள்கள் சிவப்பு ஒளியை உணரும் ஆற்றல் அற்றவை. அவற்றில் சிவப்பு ஏறத்தாழக் கறுப்பாகப் பதியும். நீலம் வெளிறித் தோன்றும். எல்லா நிறங்களையும் உணரும் படச்சுருள் பரவலாகப் பயன்பட்டது 1920-களுக்குப் பிறகே. ஆகவே பழைய படத்தில் கருமையாகத் தெரிவதைக் கண்டு பெட்டி கறுப்பாய் இருந்தது என்று முடிவு கட்டுபவர் ஏமாறுவார். படம் பொய் சொல்லவில்லை. அதன் மொழி நமக்குப் புரியவில்லை, அவ்வளவே.

மூன்றாம் சாட்சி வண்ணப் புகைப்படம். கோடாக்குரோம் படச்சுருள் 1935-இல் விற்பனைக்கு வந்தது. இருட்டில் பாதுகாத்தால் அதன் நிறங்கள் நெடுங்காலம் மங்குவதில்லை. ஜாக் டெலானோ என்னும் புகைப்படக் கலைஞர் 1942, 1943-ஆம் ஆண்டுகளில் அமெரிக்க அரசின் பணியாளராகச் சிகாகோ ரயில் முற்றங்களையும் அங்கு உழைத்தோரையும் இச்சுருளில் படமெடுத்தார். அப்படங்கள் வாஷிங்டன் காங்கிரஸ் நூலகத்தில் உள்ளன. மாதிரி ரயில் செய்வோர் அவற்றைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கிறார்கள். புகை மண்டிய முற்றத்தில் வரிசை வரிசையாக நிற்கும் பெட்டிகள். அத்தனையும் செம்பழுப்பு என்றுதான் பெயர். ஆனால் ஒன்றுபோல் மற்றொன்று இல்லை. ஒரு மந்தையின் ஆடுகள் நமக்கு ஒன்றுபோல் தெரிந்தாலும் மேய்ப்பனுக்கு ஒவ்வொன்றும் வேறுதானே!

நான்காம் சாட்சி, எஞ்சி நிற்கும் பழைய பெட்டி. அதன் பலகையை மெல்லத் தேய்த்தால் மேற்பூச்சின் அடியில் முந்தைய பூச்சு, அதன் அடியில் அதற்கும் முந்தையது என மரத்தின் ஆண்டு வளையங்கள்போல் அடுக்குகள் தெரியும். அங்குக் கிடைக்கும் நிறத்தை, ஆல்பர்ட் மன்செல் என்னும் ஓவிய ஆசிரியர் 1905-இல் வெளியிட்ட நிறக்குறியீட்டு முறைப்படி சாயல், வெளிச்சம், செறிவு என்னும் மூன்று அளவுகளால் எழுத்தில் பதிவு செய்யலாம். பூச்சு அழிந்தாலும் அளவு நிற்கும்.

ஐந்தாம் சாட்சி, பழைய ஊழியர்களின் நினைவு. நேசமிக்க சாட்சி, ஆனால் மிகவும் எச்சரிக்கையோடு கேட்க வேண்டிய சாட்சி. நிறத்தை மனம் அப்படியே சேமித்து வைப்பதில்லை. பிடித்ததைப் பளபளப்பாக்கியும் மற்றதை மங்கவிட்டும் வைத்துக்கொள்கிறது.

சாட்சிகளைக் கேட்காமல் விட்டால் என்னவாகும் என்பதற்குச் சரக்குப் பெட்டியின் உறவான எஞ்சின் ஒன்றின் கதை சான்று. 1869-ஆம் ஆண்டு மே 10-ஆம் நாள் யூட்டா பகுதியின் பிரமான்டரியில், கிழக்கிலிருந்து வந்த பாதையும் மேற்கிலிருந்து வந்த பாதையும் இணைந்தன. அன்று எதிரெதிரே நின்ற இரண்டு எஞ்சின்களுள் ஒன்றின் பெயர் 'ஜூபிட்டர்'. அவ்விரண்டும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பழைய இரும்பாகிப் போயின. 1979-இல் அவற்றின் பிரதிகள் முழு அளவில் செய்யப்பட்டபோது, கறுப்பு வெள்ளைப் படங்களையே துணையாகக் கொண்டு ஜூபிட்டருக்குச் சிவப்பு நிறம் பூசினர். மக்கள் அதைக் கண்டு மகிழ்ந்தனர். ஓவியங்களிலும் பொம்மைகளிலும் அந்தச் சிவப்பே பதிந்தது. பின்னர் 1869-ஆம் ஆண்டின் நாளிதழ்க் குறிப்பு ஒன்று கண்டெடுக்கப்பட்டது. அதன்படி அந்த எஞ்சினில் நீலமும் கருஞ்சிவப்பும் இருந்தன. 1990-களில் பிரதிக்கு மீண்டும் நிறம் பூசப்பட்டது. பழகிப்போன சிவப்பைக் கைவிட மனம் வராதவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் பழக்கம் வேறு, மரபு வேறு.

நால்வரின் சாட்சியம்

இவற்றையெல்லாம் எண்ணும்போது திருச்சபையின் தொடக்க கால வரலாற்று நிகழ்ச்சி ஒன்று நம் நினைவுக்கு வருகிறது. இரண்டாம் நூற்றாண்டில் தாசியான் என்பவர் நான்கு நற்செய்திகளையும் ஒன்றாய் இழைத்து ஒரே தொடர் வரலாறாக்கினார். 'தியாத்தெஸ்ஸரோன்' என்பது அந்நூலின் பெயர். முரண்போலத் தோன்றியவற்றை நீக்கி, திரும்ப வருவனவற்றைச் சுருக்கி, வாசிக்க எளிதாக அமைந்த நூல் அது. சிரிய மொழி பேசிய திருச்சபைகளில் ஐந்தாம் நூற்றாண்டுவரை அது செல்வாக்கோடு விளங்கியது. ஆயினும் முடிவில் திருச்சபை தெரிந்துகொண்டது அந்த ஒன்றையன்று, நான்கையும் தனித்தனியே.

ஏன்? நால்வரின் குரலும் வேறு வேறு. மாற்கு விரைகிறார், லூக்கா வறியோர்பால் சாய்கிறார், மத்தேயு முன்னோரின் மறைநூலைத் தொட்டுத் தொட்டுப் பேசுகிறார், யோவான் ஆழத்துக்கு இறங்குகிறார். நான்கு நிறங்களையும் ஒரே கிண்ணத்தில் ஊற்றிக் கலக்கினால் கிடைப்பது நான்கையும்விட உண்மையான நிறமன்று. நான்கில் எதுவும் அல்லாத ஒன்று. வேறுபாட்டைத் தாங்கிக்கொள்வதுதான் சாட்சிக்கு நாம் செய்யும் மரியாதை என்று திருச்சபை உணர்ந்திருந்தது.

மாதிரி ரயில் செய்வோரிடையேயும் தாசியான் செய்ததற்கு ஒப்பான ஒன்று நிகழ்ந்தது. பல்லாண்டுகளாக ஃபிளாக்வில் முதலிய நிறுவனங்கள் 'சரக்குப் பெட்டிச் சிவப்பு' போன்ற பெயர்களில் சிறு புட்டிகளில் பூச்சு விற்றன. வசதியான ஏற்பாடு. காலப்போக்கில் பலருக்குப் புட்டியில் இருந்ததே வரலாறு ஆயிற்று. எல்லா நிறுவனங்களின் பெட்டிகளும், எல்லா ஆண்டுகளின் பெட்டிகளும் ஒரே புட்டியின் நிறத்தில் மேசைமேல் ஓடின. 2013-இல் ஃபிளாக்வில் பூச்சுகளின் உற்பத்தி நிறுத்தப்பட்டபோது பலர் தவித்துப் போயினர். சிலரோ அந்த இழப்பையே வாய்ப்பாக்கி, மீண்டும் சான்றுகளிடம் சென்றனர்.

அவர்கள் கண்ட இன்னொரு நுட்பமும் உண்டு. உண்மையான பெட்டிக்குப் பூசிய அதே பூச்சைச் சிறிய மாதிரிக்குப் பூசினால் அது சரியாகத் தோன்றுவதில்லை. மிகவும் கருமையாகத் தெரிகிறது. 60 சென்டிமீட்டர் தூரத்தில் இருந்து மாதிரியைப் பார்ப்பது, உண்மையான பெட்டியை 52 மீட்டருக்கு அப்பாலிருந்து பார்ப்பதற்குச் சமம். இடையிலுள்ள காற்றும் வானத்தின் ஒளியும் பெரிய பெட்டியின் நிறத்தைச் சற்றே வெளிறச் செய்கின்றன. வீட்டு அறையில் அந்த வானம் இல்லை. ஆகவே அனுபவமிக்கவர்கள் பூச்சோடு சிறிது வெள்ளையோ சாம்பல் நிறமோ கலக்கிறார்கள். எழுத்துக்கு எழுத்து ஒப்புவிப்பது எப்போதும் உண்மைக்கு உண்மையாயிருப்பது ஆகாது. மறைக்கல்வி வகுப்பில் குழந்தைகளுக்கு விசுவாசத்தைச் சொல்லிக்கொடுக்கும் எவரும் இதை அறிவர். பொருள் மாறக்கூடாது, ஆனால் கேட்பவர் நிற்கும் தொலைவை அறிந்து பேச வேண்டும்.

பூசிய கைகள்

நிறத்தைத் தேடிப் போனவர்கள் இறுதியில் மனிதர்களைச் சந்திக்கிறார்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் பின்னால் பெயர் தெரியாத பூச்சுத் தொழிலாளர்கள் இருந்தனர். அந்த வெள்ளை எழுத்துகளுக்குப் பயன்பட்ட பூச்சில் வெள்ளை ஈயம் கலந்திருந்தது. அது நஞ்சு. ஈயத்தால் வரும் கொடிய வயிற்றுவலி பூச்சுக்காரரின் நோய் என்றே பெயர்பெற்றிருந்தது. கைகள் செயலிழந்து தொங்கியோரும் உண்டு. பூச்சுகளில் வெள்ளை ஈயத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையைப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1921-இல்தான் நிறைவேற்றியது.

பெட்டிகளின் இரு முனைகளிலும் நடந்த கொடுமை இன்னும் பெரிது. ஒரு பெட்டியை மற்றொன்றோடு கொக்கியும் ஆணியும் கொண்டு கையால் இணைத்த காலத்தில், நெருங்கிவரும் பெட்டிகளுக்கு இடையே நின்ற தொழிலாளர்கள் விரல்களையும் கைகளையும் உயிரையும் இழந்தனர். தானே இணையும் கொக்கியைக் கட்டாயமாக்கிய சட்டம் அமெரிக்காவில் 1893-இல் இயற்றப்பட்டது. திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ தொழிலாளரின் உரிமைகளைக் குறித்து 'ரேரும் நோவாரும்' என்னும் சுற்றுமடலை வெளியிட்டதற்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பின்! உழைப்பவன் எந்திரத்தின் உறுப்பன்று என்று உரோமையிலிருந்து அறிவிக்கப்பட்டபோது, இருப்புப் பாதைகளில் அதை நாள்தோறும் தம் உடலால் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் இவர்கள்.

1893-க்கு முந்தைய பெட்டியை மாதிரியாகச் செய்பவர், அந்தப் பழைய கொக்கியையும் செய்ய வேண்டியிருக்கும். குண்டூசித் தலையளவான அந்தக் கொக்கியைச் செய்யும்போது, அதனால் ஊனமுற்ற ஒரு மனிதனையாவது அவர் நினைப்பாராயின் அவருடைய உழைப்பு வீணாகாது.

அதே நிறத்தில் இன்னொரு வண்டி

மலிவான செம்மண் எல்லா நாடுகளிலும் கிடைத்தது. ஆகவே ஐரோப்பாவின் சரக்குப் பெட்டிகளும் பெரும்பாலும் இதே குடும்பத்தின் நிறத்தையே அணிந்திருந்தன. ஜெர்மன் அரசு ரயில்வேயின் மூடிய பெட்டிகள் செம்பழுப்பு நிறமானவை. உருளைக்கிழங்கும் கால்நடையும் ஏற்றிச்சென்ற அப்பெட்டிகளில்தான் இரண்டாம் உலகப் போரின்போது இலட்சக்கணக்கான யூத மக்கள் கொலைமுகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். கதவு வெளியே தாழிடப்பட்டது. உள்ளே நீரில்லை, காற்றில்லை, உட்கார இடமில்லை.

யூத குலத்தில் பிறந்து கார்மேல் துறவியான புனித எடித் ஸ்டைன் 1942-ஆம் ஆண்டு ஆகஸ்டு 7-ஆம் நாள் நெதர்லாந்திலிருந்து ரயிலேற்றப்பட்டு, 9-ஆம் நாள் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். 1998-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அவரைப் புனிதராக அறிவித்தார்.

வாஷிங்டனில் 1993-இல் திறக்கப்பட்ட யூதப் படுகொலை நினைவு அருங்காட்சியகத்தில், மக்களைக் கொண்டுசெல்லப் பயன்பட்ட வகையைச் சேர்ந்த சரக்குப் பெட்டி ஒன்று வைக்கப்பட்டுள்ளது. போலந்து நாட்டு அன்பளிப்பு அது. வருவோர் அதனுள் நுழைந்து கடந்து செல்லலாம். அங்கே நிற்பவர்களுக்கு 'இதன் சரியான நிறம் எது?' என்னும் கேள்வி எழாது. 'இதனுள் இருந்தவர்கள் யார்?' என்பதே எழும்.

நிறத்தைச் சரியாகப் பொருத்துவது உண்மையின் தொடக்கமே தவிர முடிவன்று. ஒருவர் 1940-களின் ஜெர்மன் சரக்குப் பெட்டியைக் கடைசி ஆணிவரை பிழையின்றிச் செய்து, சரியான செம்பழுப்பைப் பூசி, அந்தக் கதவுக்குப் பின்னால் நின்றவர்களை மட்டும் மறந்துவிடக்கூடும். அப்போது ஒவ்வொரு விவரமும் மெய்யாயிருக்கும், முழுமையோ பொய்யாயிருக்கும். மறுபுறம், விவரங்களை அலட்சியம் செய்பவரின் நினைவஞ்சலியும் ஐயத்துக்கு இடமளிக்கும். அப்படுகொலை நடக்கவேயில்லை என்று மறுப்போர் இன்றும் இருக்கும் உலகில், பெட்டியின் வகையையும் தேதியையும் பயணப் பட்டியலையும் துல்லியமாகக் காப்பது இறந்தோருக்கு நாம் செலுத்தும் நீதி. துல்லியமும் இரக்கமும் ஒன்றையொன்று பிரியலாகாது.

நம் ஆலயங்களில்

இவ்வளவு தூரம் சென்றபின் நம் வீட்டு வாசலுக்குத் திரும்புவோம். மிக்கேலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை சிஸ்தின் சிற்றாலய விதானத்தில் தீட்டிய ஓவியங்கள், மெழுகுதிரிப் புகையாலும் பழைய பசைப் பூச்சுகளாலும் இருண்டு கிடந்தன. அந்த இருளே அவருடைய ஆழம் என்று தலைமுறை தலைமுறையாக அறிஞர்களும் எழுதினர். 1980-இல் தொடங்கிய தூய்மைப் பணியின் பயனாகப் பளிச்சென்ற பச்சையும் இளஞ்சிவப்பும் ஆரஞ்சும் வெளிப்பட்டபோது உலகம் திகைத்தது. ஓவியர் தாமே கடைசியாக இட்ட நிழல்களையும் கழுவிவிட்டார்களோ என்று ஐயுற்றோரும் உண்டு. அவ்விவாதம் எளிதில் ஓயவில்லை. 1994 ஏப்ரலில் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அங்குத் திருப்பலி நிறைவேற்றி, புதுப்பொலிவு பெற்ற ஓவியங்களை மீண்டும் மக்கள் பார்வைக்கு ஒப்படைத்தார். எந்த அடுக்கு மூலம், எந்த அடுக்கு அழுக்கு என்பதை அறிவதற்கே பல்லாண்டு உழைப்பும் பணிவும் தேவைப்பட்டன.

நம் பங்குகளில் நாம் இவ்வளவு தயங்குகிறோமா? திருவிழாக் கொடியேற்றம் நெருங்கிவிட்டால் போதும். சுரூபங்கள் கீழிறக்கப்படுகின்றன, டப்பா திறக்கப்படுகிறது, ஒரே நாளில் புனித அந்தோணியாரின் அங்கிக்கும் மாதாவின் மேலாடைக்கும் கண்ணைப் பறிக்கும் புது எனாமல் ஏறிவிடுகிறது. பக்தியால்தான் செய்கிறோம், ஐயமில்லை. வணக்கத்துக்குரிய சுரூபம் அழுக்கடைந்து நிற்கலாகாது என்பதும் உண்மையே. ஆனால் நூறாண்டுக்கு முன் ஏதோ ஒரு தச்சர், ஏதோ ஒரு வர்ணக்காரர், செபித்துக்கொண்டே இட்ட நிறம் அதன் அடியில் என்றென்றைக்குமாய் மறைகிறது. பீடத்தின் மரச்சிற்பத்தைச் சுரண்டிவிட்டுப் பளிங்கு பதிக்கும்போது, சுரண்டலோடு ஒரு தலைமுறையின் காணிக்கையும் குப்பைக்குப் போகிறது.

சிறியவற்றில் காட்டும் நேர்மையைப் பற்றி ஆண்டவர் கற்பித்ததை நாம் அறிவோம். உள்ளங்கையளவான பெட்டிக்கு நிறம் தேடி நூலகங்களில் மாதக்கணக்கில் அமர்ந்திருக்கும் அந்த எளிய மனிதர்கள் இவ்வகையில் நமக்கு ஆசிரியர்கள். அவர்கள் பொருட்டு ஒரு சிறு கோரிக்கையை நம் பங்குப் பேரவைகளின் முன் வைக்கிறோம். பூசுவதற்கு முன் எல்லாப் பக்கங்களிலிருந்தும் புகைப்படம் எடுத்துவையுங்கள். சுரூபத்தின் பின்புறத்தில் ஒரு கையளவு இடத்தையேனும் பழைய நிறத்தோடு விட்டுவிடுங்கள். என்ன நிறம், எந்த ஆண்டு, பூசியவர் யார் என்பதைப் பங்கின் பதிவேட்டில் இரண்டு வரி எழுதுங்கள். திருமுழுக்குப் பதிவேடு மனிதருக்கு எப்படியோ அப்படியே இதுவும் அவர்தம் உழைப்புக்கு.

பழைய சரக்குப் பெட்டியில் புதுப்பூச்சு பூசிய ஒவ்வோர் இடத்திலும், பக்கத்திலேயே இடமும் மாதமும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருந்ததை முன்பு கண்டோம். மாற்றியதை மறைக்காத நேர்மை அது. வாழும் திருச்சபை தன்னைப் புதுப்பித்துக்கொண்டேயிருக்கும். புதுப்பூச்சு தவிர்க்க முடியாதது. எதை மாற்றினோம், எப்போது மாற்றினோம் என்பதை வருங்காலத்துக்குச் சொல்லிவிட்டு மாற்றுவோம். நமக்குப் பின் வரும் பிள்ளைகள் நம்மிடம் கேட்கப்போவது அழகை மட்டுமன்று, உண்மையையும்தான்.